ஆறரை நிமிடம், ஆறு பாயிண்ட்

ஆயர் ராஜா விரைவுச்சாலையின் நீளம் 26.5 கிலோமீட்டர். ஒரு முனை கெப்பல் பக்கம், மறுமுனை துவாஸ். லாரியின் பின்புறம் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் 60 என்று இருந்தால், அந்தத் தூரத்தைச் சட்டப்படி கடக்க 26 நிமிடம் 30 நொடி ஆகும். அதே லாரி 80-ல் ஓடினால் 19 நிமிடம் 53 நொடி. மிச்சம் ஆறரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. வேக வரம்பை 20 கிலோமீட்டர் வரை மீறினால் 2026 ஜனவரி 1 முதல் 6 குற்றப் புள்ளி, அதாவது 6 பாயிண்ட். அதற்கு முன் 4 ஆக இருந்தது.

துவாஸ் தங்கும்விடுதியில் ஒருவருக்குச் சம்மன் வந்தது என்று தெரிந்தால் அறையில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு கட்டணும் அண்ணே?" என்பதுதான். எத்தனை பாயிண்ட் என்று பிறகுதான் கேட்பார்கள், சில நேரம் கேட்கவே மாட்டார்கள். இந்தக் கேள்விகளின் வரிசை தவறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் வெள்ளி சின்னச் செலவு, பாயிண்ட்தான் பெரிய செலவு. லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு இந்த வித்தியாசம் பத்து மடங்குக்கும் மேல்.

முதலில் வெள்ளியை முடித்துவிடுவோம். 2019 ஏப்ரல் முதல் 2025 முடியும்வரை, 20 கி.மீ. வரையிலான மீறலுக்கு கார், வேன் போன்ற இலகு வாகனத்துக்கு 150 வெள்ளி, கனரக வாகனத்துக்கு 200 வெள்ளி. 21 முதல் 30 வரை மீறினால் 200, 250. 2026-ல் தொகை மறுபடி கூடியது; இலகு வாகனத்தின் முதல் படியே இப்போது 200. உயர்த்தியதற்குக் காரணம் எண்ணிக்கை. 2025-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் தீவு முழுவதும் சுமார் 118,000 வேக மீறல்கள் பதிவாயின. நாளுக்கு 650, மணிக்கு 27. நம் லாரி துவாஸுக்குப் போகும் வழியில் ஆறரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்குள் எங்கோ மூன்று பேருக்குச் சம்மன் விழுந்திருக்கும். 2024 ஏப்ரல் 1 முதல் சிவப்பு விளக்குக் கேமராக்களும் படிப்படியாக வேகத்தை அளக்கத் தொடங்கின. அதுவரை விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண், பச்சையில் பறப்பவரையும் பார்க்க ஆரம்பித்தது.

அந்த ஆறரை நிமிடத்தின் விலை என்ன? ஓட்டுநரின் மாத வரும்படி 1,200 வெள்ளி, மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண் வேறென்றால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மணிக்கு 5 வெள்ளி 77 காசு வருகிறது. ஆறரை நிமிடத்துக்கு 64 காசு. கனரக வாகனத்தின் பழைய 200 வெள்ளியையே அபராதமாக வைத்தாலும், அதை 64 காசு வீதம் ஈடுகட்ட 314 தடவை பிடிபடாமல் ஓட வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் 157 வேலை நாள், அதாவது ஆறு மாதம். இத்தனைக்கும் அந்த 64 காசு ஓட்டுநர் பைக்கு வருவதில்லை. நேரம் மிச்சமானால் மிச்சம் கம்பெனிக்கு, சம்மன் வந்தால் சம்மன் ஓட்டுநருக்கு. டீசல் கணக்கும் சேர்த்தால் கம்பெனிக்கும் மிச்சம் குறைவுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 60-ல் இருந்து 80-க்குப் போனால் அது 78 சதவீதம் அதிகம்.

இன்னொரு கணக்கை அபராதச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை. சுமையோடு போகும் லாரி ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைக்கும், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுப்பார் என்று வைப்போம். 60-ல் போகும் லாரி நிற்க 44 மீட்டர் சொச்சம் ஆகும். 80-ல் போவது நிற்க ஏறக்குறைய 72 மீட்டர். வித்தியாசம் 27 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் லாரி முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது லாரி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 59 கிலோமீட்டர். மெதுவாக வந்தவர் பிரேக் போடும் முன் எந்த வேகத்தில் வந்தாரோ, கிட்டத்தட்ட அந்த வேகத்திலேயே வேகமாக வந்தவர் மோதுகிறார்.

பின்தட்டில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் லாரிக்கு இது இன்னும் கனமான எண். 2021 ஏப்ரல் 20 அன்று தீவு விரைவுச்சாலையில் 17 தொழிலாளர்களோடு சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியின் மீது மோதியது. இருவர் இறந்தார்கள், ஒருவர் பங்ளாதேஷ், ஒருவர் இந்தியா. அதற்குப் பிறகு 2023 ஜனவரி 1 முதல் சில விதிகள் வந்தன. லாரிக்கு மழை மறைப்பு வேண்டும். ஓட்டுநர் தூங்கிவிடாமல் பார்க்க ஒரு துணையாள் வேண்டும். ஆறு மணி நேரம் வேலை பார்த்த ஓட்டுநர் ஆட்களை ஏற்றிச் செல்லும் முன் அரை மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும். கடைசி விதியைக் கவனியுங்கள். லாரி ஓட்டுபவர் பெரும்பாலும் ஓட்டுநர் மட்டுமல்ல, பகலெல்லாம் வேலையிடத்தில் கம்பி கட்டியவரும் அவர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஆறரை நிமிடத்துக்கு ஆசைப்படுவது யார், ஏன் என்பது இதிலேயே இருக்கிறது.

இனி பாயிண்ட். 24 மாதத்துக்குள் 24 பாயிண்ட் சேர்ந்தால் உரிமம் 12 வாரம் முடக்கம். நாலு பாயிண்ட் காலத்தில் அந்த எல்லையைத் தொட ஆறு சின்னச் சம்மன் தேவைப்பட்டது. இப்போது நாலே போதும். சிங்கப்பூரில் புதிதாகத் தேர்ச்சி பெற்று உரிமம் வாங்கியவருக்கு முதல் 12 மாதம் இன்னும் கடுமை: 13 பாயிண்ட் சேர்ந்தால் உரிமமே ரத்து, எல்லாத் தேர்வும் மறுபடி முதலிலிருந்து. பழைய கணக்கில் மூன்று சம்மன் 12-ல் நின்றுவிடும்; ஒரு பாயிண்ட் இடைவெளியில் தப்பலாம். புதிய கணக்கில் மூன்று சம்மன் 18. இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை முடக்கம் வந்தவருக்கு அடுத்த எல்லை 24 அல்ல, 12. அதுவும் ஓராண்டுக்குள். இரண்டே சின்னச் சம்மனில் 24 வாரம் போய்விடும். மூன்றாவது முடக்கம் ஓராண்டு. ஓராண்டு முடக்கம் என்றால் உரிமம் செல்லாது, மறுபடி தேர்வு எழுத வேண்டும். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. தொடர்ந்து 12 மாதம் எந்தப் பாயிண்ட்டும் வாங்காமல் ஓட்டினால் பழைய கணக்கு முழுக்கத் துடைக்கப்படும். பலருக்கும் தெரியாத விதி இது. எட்டு மாதம் சுத்தமாக ஓட்டியவருக்கு ஒன்பதாவது மாதத்தில் வரும் சம்மன் புதிதாக ஆறைக் கூட்டுவதோடு நிற்காது, துடைக்கப்படவிருந்த பழையதையும் உயிரோடு வைத்துவிடும்.

12 வாரம் ஓட்ட முடியாவிட்டால் என்ன நட்டம்? மேலே வைத்த 1,200 வெள்ளிக் கணக்கில் 12 வாரச் சம்பளம் சுமார் 3,320 வெள்ளி. முதலாளி வேறு வேலை கொடுத்தால் தப்பலாம். கொடுப்பாரா என்பது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியைப் பொறுத்தது. கட்டுமானத் துறையில் 2024 முதல் ஒரு வெளிநாட்டு ஊழியருக்கு மாத லெவி, உயர்திறன் என்றால் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் என்றால் 900. ஓட்டத் தெரிந்த ஆள் ஓட்ட முடியாமல் இருக்கும் மூன்று மாதமும் அது போய்க்கொண்டே இருக்கும். லெவியை ஊழியரிடமிருந்து பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே முதலாளிக்கு எளிதான வழி, பெர்மிட்டை ரத்து செய்து வேறு ஆளை எடுப்பது. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க லட்சங்களில் வாங்கிய கடன் அப்போதும் பாக்கி நிற்கும்.

அபராதத் தொகை எல்லோருக்கும் ஒன்று என்பது சமத்துவம் போலத் தெரியும். பின்லாந்தில் அப்படி இல்லை. அங்கே அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. 2023 ஜூனில் ஆலந்து தீவில் ஆண்டெர்ஸ் விக்லோஃப் என்ற கோடீஸ்வரர் 50 வரம்புள்ள இடத்தில் 82-ல் போனதற்கு 121,000 யூரோ கட்டினார். தமிழ்நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், கனரகத்துக்கு 2,000 முதல் 4,000. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்தால்கூட துவாஸ் சம்மன் 13,000 ரூபாய். ஊரில் லாரி ஓட்டிய நினைப்பில் இங்கே ஓட்டுபவர் இந்தப் பெருக்கலை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் பணக்காரரையும் உறுத்துவது பாயிண்ட்தான் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உரிமம் போனால் புக்கிட் தீமாவாசி டாக்சி பிடிப்பார். துவாஸ்வாசி விமானம் ஏறுவார்.

அதனால்தான் பாயிண்ட்டுக்கு ஒரு கள்ளச்சந்தையே உண்டு. சம்மன் முதலில் வாகன உரிமையாளருக்குத்தான் போகும். லாரி கம்பெனி பேரில் இருக்கும். அன்று ஓட்டியது யார் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். தராவிட்டால் உரிமையாளரே ஓட்டியதாகக் கொள்ளச் சட்டம் வழி செய்திருக்கிறது. இந்த இடத்தில்தான் "உனக்குத்தான் பாயிண்ட் இல்லையே, உன் பேரை எழுதிடவா?" என்ற பேச்சு வரும். கேட்பவர் சூப்பர்வைசராக இருக்கலாம், நல்ல மனிதராகவும் இருக்கலாம். எழுதிக்கொடுக்க ஒப்புக்கொள்பவரும் நன்றிக்காகச் செய்யலாம். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்: தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 200 வெள்ளிக் குற்றத்தை மறைக்கப் போய் ஐம்பது மடங்குக் குற்றத்தில் மாட்டுவது இது.

இந்த விஷயத்தில் சிங்கப்பூர் அதிகம் பேசிய வழக்கு துவாஸில் நடந்ததல்ல. அழகு அறுவை மருத்துவர் வோஃபெல்ஸ் வூ, தன் காரின் வேக மீறலுக்குத் தன்னிடம் வேலை பார்த்த முதியவர் பெயரைப் போலிசுக்குக் கொடுக்க வைத்தார். சம்பவங்கள் 2005-லும் 2006-லும் நடந்தவை. 2012 ஜூனில் அவருக்கு விதித்த தண்டனை 1,000 வெள்ளி அபராதம். பணமுள்ளவருக்கு இவ்வளவுதானா என்று ஊரே கேட்டது. நீதிக்கு இடையூறு செய்வதற்கான தனிப் பிரிவு குற்றவியல் சட்டத்தில் 2008-ல்தான் சேர்ந்தது, சம்பவங்கள் அதற்கு முந்தியவை என்று தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் விளக்கம் கொடுத்தது. விளக்கம் சரியானதுதான். ஆனால் அந்தத் தொகையை முன்மாதிரியாக வைத்து இன்று யாராவது பெயர் மாற்றி எழுதினால் கணக்கு அடியோடு தப்பும்; சட்டம் அப்போது இருந்த இடத்தில் இப்போது இல்லை.

சம்மனை எதிர்ப்பது என்றால் என்ன? "எல்லாரும் அந்த வேகத்துலதான் போனாங்க" என்பது எதிர்ப்பல்ல, ஒப்புதல். "அவசரமா வரச் சொன்னாங்க" என்பதும் அப்படித்தான். நிற்கக்கூடிய வாதங்கள் சிலவே: நான் ஓட்டவில்லை, அந்த நேரத்தில் வண்டி அங்கே இல்லை, வண்டி எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது, வண்டியை முன்பே விற்றாகிவிட்டது, உயிருக்கு ஆபத்தான ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன், இதோ மருத்துவச் சீட்டு. எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும்.

தொழில்நுட்ப வாதங்களில் பலர் முதலில் கையிலெடுப்பது மீட்டர். "என் மீட்டரில் 60-தான் காட்டியது." ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் தாண்டாமல். உண்மையில் 80-ல் போனால் மீட்டர் 80 முதல் 92 வரை காட்டலாம். அப்படியானால் மீட்டரில் 60 பார்த்த ஓட்டுநர் உண்மையில் 60-ஐத் தாண்டியிருக்கவே மாட்டார். கேமரா 80 என்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் ஒன்று மீட்டர் பழுது, இல்லை, கம்பெனி பெரிய டயர் மாட்டியிருக்கிறது. பெரிய டயர் மாட்டினால் மீட்டர் குறைவாகக் காட்டும். இது வாதமாக நிற்கலாம், ஆனால் போய் நிற்கும் இடம் கம்பெனி வாசல்.

லேசர் கருவியின் கோணத்தைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உலவுகிறது: பக்கவாட்டிலிருந்து அளந்தால் வேகம் கூடுதலாக விழும் என்று. நேர்மாறு. கருவியை நோக்கி வண்டி எவ்வளவு நெருங்குகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. கோணம் 10 பாகையானால் 80 என்பது 78.8 ஆகத் தெரியும், 20 பாகையானால் 75. கோணப் பிழை ஓட்டுநருக்கு லாபம். அதைச் சொல்லி வாதாடுவது எதிராளி மறந்ததை எடுத்துக் கொடுப்பது. வலுவான கேள்வி வேறு: கதிர் பட்டது எந்த வண்டியின் மேல்? லேசர் கதிர் தூரம் போகப் போக விரியும். ஆயிரம் மீட்டருக்கு மூன்று மீட்டர் விரியும் கதிர் 300 மீட்டரில் 90 சென்டிமீட்டர் அகலம். பயனியர் ரோட்டில் இரண்டு லாரி ஒட்டி ஓடும் மாலை நேரத்தில் இது கேட்கத் தகுந்த கேள்வி. படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது அதனால் முக்கியம். படத்தில் தனி லாரியாக இருந்தால் கேள்வியும் அங்கேயே முடிந்தது.

கேமராவைக் கண்டதும் பிரேக் மிதிக்கும் பழக்கத்துக்கும் ஒரு கணக்கு வந்துவிட்டது. 2018 டிசம்பர் 17 முதல் தானா மேரா கோஸ்ட் ரோட்டில் சராசரி வேகக் கேமரா இருக்கிறது. சுமார் 4 கிலோமீட்டர், வரம்பு 70. உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் அது குறிக்கிறது. 3 நிமிடம் 26 நொடிக்கு முன்னால் வெளியே வந்தால் மீறல். நடுவில் எத்தனை தடவை பிரேக் போட்டாலும் கழித்தல் ஒன்றே. வகுத்தல் தெரிந்தவரிடம் நடிக்க முடியாது.

மேல்முறையீட்டுக் கடிதத்துக்குக் காசு செலவில்லை. ஆனால் வரிசை முக்கியம். ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் பணத்தைக் கட்டிவிட்டு எழுதினால் பயனில்லை. கட்டியதோடு விவகாரம் முடிந்தது, பாயிண்ட் ஏறிவிட்டது. சம்மன் கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் எழுத வேண்டும். பதில் சாதகமாக வராவிட்டால் கட்டலாம், அல்லது அரசு நீதிமன்றத்துக்குப் போகலாம். கெடுவைக் கவனிக்காமல் விட்டாலும் நீதிமன்றம்தான். அங்கேயும் போகாவிட்டால் பிடி ஆணை வரும். ஊருக்கு டிக்கெட் போட்ட நாளில் சாங்கியில் அது தெரியவருவது நல்லதல்ல. துவாஸ் சோதனைச்சாவடி வழியாக வரும் மலேசிய வண்டிகளுக்கும் இதே கதை வேறு வடிவில்: கட்டாத அபராதம் இருந்தால் 2019 ஏப்ரல் முதல் நுழைவு மறுக்கப்படலாம்.

நீதிமன்றத்தில் முதல் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 1,000 வெள்ளி அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை. மறுமுறை 2,000 அல்லது ஆறு மாதம். சின்ன மீறலுக்கு உச்சம் விதிப்பது வழக்கமல்ல என்றாலும், சம்மனில் கேட்ட 200-ஐவிடக் கூடலாம் என்று நினைத்துத்தான் உள்ளே போக வேண்டும். தமிழில் வாசித்துக் காட்ட மொழிபெயர்ப்பாளர் உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை. அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பெர்மிட்காரர் வழக்கறிஞர் வைத்தால் ஆயிரங்களில் செலவு. ஆகவே தானே பேசுவதாக வைப்போம். மூன்று நாள் விடுப்பு, நாளுக்கு 46 வெள்ளி வீதம் 138. தோற்றால் 300 அபராதம் என்பது நான் வைக்கும் ஊகம். இப்போது கணக்கு:

பாயிண்ட் ஒன்றும் இல்லாதவர்
பேசாமல் கட்டினால்: 200
வாதாடி வென்றால்: 138
வாதாடித் தோற்றால்: 438
லாபம் பார்க்கத் தேவையான வெற்றி வாய்ப்பு: 79 சதவீதம்

ஏற்கெனவே 18 பாயிண்ட் உள்ளவர்
பேசாமல் கட்டினால்: 200 + 3,320 = 3,520
வாதாடி வென்றால்: 138
வாதாடித் தோற்றால்: 438 + 3,320 = 3,758
லாபம் பார்க்கத் தேவையான வெற்றி வாய்ப்பு: 7 சதவீதத்துக்கும் கீழ்

ஒரே கேமரா, ஒரே வேகம், ஒரே சீட்டு. ஒருவர் ஐந்தில் நான்கு பங்கு நிச்சயம் இல்லாமல் நீதிமன்றப் படி ஏறக் கூடாது. இன்னொருவர் பதினைந்தில் ஒரு பங்கு நம்பிக்கை இருந்தாலும் ஏறலாம். "எவ்வளவு கட்டணும்?" என்று மட்டும் கேட்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போகும். இந்த ஏழு சதவீதத்தைப் பொய் சொல்ல உரிமமாக யாரும் படிக்க வேண்டாம். பொய்யின் விலை மேலே 10,000 என்று போட்டாகிவிட்டது. நியாயமான காரணம் கையில் இருந்தும் "யாரு அலையறது" என்று கட்டிவிடுபவர்களுக்கான எண் அது. பாயிண்ட் நிறையச் சேர்ந்தவருக்குப் பாதுகாப்பான ஓட்டுநர் பயிற்சி என்று ஒன்றும் உண்டு. முடித்தால் கொஞ்சம் கழியும். 18-ல் நிற்பவர் அதைப் பற்றிச் சம்மன் வருவதற்கு முன்பே விசாரிப்பது புத்திசாலித்தனம்.

அபராதத்தைச் சம்பளத்தில் பிடிப்பது தனி விவகாரம். மனிதவள அமைச்சின் விதிப்படி, ஊழியர் எழுத்தில் சம்மதித்தால் பிடிக்கலாம். சம்மதத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கம்பெனிக்கு ஏற்படுத்திய சேதம், இழப்பு என்று காட்டிப் பிடிப்பதானால் ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1,200-ல் கால் பங்கு 300. ஒரு சம்மன் அதற்குள் அடங்கும், ஒரே மாதத்தில் இரண்டு வந்தால் அடங்காது. சம்பளச் சீட்டில் 'இதர பிடித்தம்' என்று ஒரு வரி முளைத்தால் அது எதற்கு என்று கேட்டு வைக்க வேண்டும். கேட்டுப் பதில் வராதவர்கள் லிட்டில் இந்தியாவில் கஃப் ரோட்டுப் பக்கம் தொண்டூழியம் செய்யும் டிடபிள்யூசி2 அமைப்பிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ போகலாம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு எப்படியும் வருகிறவர்கள்தானே.

இனி லாரியே 60-க்கு மேல் ஓடாது என்ற நிலை வருகிறது. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு முன்பே இருந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, 3,501 முதல் 12,000 கிலோ வரையிலான சுமார் 17,000 லாரிகளுக்கும் கட்டாயமாகிறது. முதல் கெடு 2026 ஜனவரி 1, மற்றவை எடைக்கும் பதிவு ஆண்டுக்கும் ஏற்பப் பின்னால். கருவி பொருத்திய லாரியில் விரைவுச்சாலைச் சம்மன் அநேகமாக நின்றுவிடும். மேலே போட்ட 314 தடவைக் கணக்குக்கும் அதோடு வேலை இல்லை. ஆனால் பாயிண்ட் கணக்குக்குத் துவாஸ் உள்சாலையில் வேலை இருக்கிறது. பலகை இல்லாத சாலையில் வரம்பு 50. கருவி 60 வரை விடும். அந்த 10 கிலோமீட்டருக்குள் விழும் சம்மனுக்கும் பாயிண்ட் அதே 6. லாரியை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் எடுத்தார், யார் திருப்பிக் கொடுத்தார் என்று எழுதும் நோட்டு ஒன்று டாஷ்போர்டில் கிடந்தால், 'நான் ஓட்டவில்லை' என்று சொல்ல வேண்டிய நாளில் அதுதான் காகிதம். நோட்டின் விலை ஒரு வெள்ளிக்கு மேல் போகாது.